குலசேகரன் குரைக்காத எட்டு நிமிஷம்

ஜூன் 9, திங்கள்

வந்துருச்சு! வந்துருச்சு! வந்துருச்சு!

"பதிமூணாம் நம்பர் கேட்" டீம் அறிவிச்சுட்டாங்க. தாமரைக்குப் புதுக் குரல் வேணுமாம், அதுவும் ரசிகர்கள்ல ஒருத்தர்தானாம். தாமரைன்னா சும்மா இல்ல. ரயில்வே கேட் கீப்பரோட பொண்ணு, அந்த ஆடியோ தொடரே அவ தலைலதான் ஓடுது. முன்னூத்திப் பதினோரு எபிசோடும் கேட்டாச்சு. நூத்தி நாப்பதாவத மட்டும் எத்தன தடவன்னு கேக்காதீங்க.

எப்படின்னா, இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு வசனம் அனுப்புவாங்க. ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குள்ள பேசி அனுப்பணும். எட்டு நிமிஷம். ஒரே டேக். வெட்டி ஒட்டக் கூடாது. பின்னாடி ஒரு சத்தமும் கேக்கக் கூடாது.

நாளைக்கு நான் பெரிய ஆளாகி, எப்படி ஆரம்பிச்சீங்கன்னு யாராவது கேட்டா மறந்துரக் கூடாதுல்ல, அதான் இன்னைலேர்ந்து எழுதி வெக்கறேன். பேரு மௌனிகா, வயசு பத்தொம்பது. குரல் கொடுக்கறதுக்கு எந்த கிளாஸும் போனதில்ல, எல்லாம் வீடியோ பாத்துக் கத்துக்கிட்டதுதான். மூச்சுக் காத்து அடிக்காம மைக்குக்கு முன்னாடி அப்பாவோட சாக்ஸ் மாட்டி வெச்சிருக்கேன். துவைச்ச சாக்ஸ்.

பிரச்சனை ஒண்ணே ஒண்ணுதான். இப்ப இருக்கற ஊரு.

ஜூன் 10

போன மாசம் வரைக்கும் திருப்பூர். அப்பாவுக்கு இந்தப் பக்கம் ஸ்கூல் வேன் ஓட்டற வேலை கெடச்சுது, காங்கேயம் தாண்டி ஊஞ்சக்காட்டுவலசுக்கு வந்துட்டோம். மொத்தமே ஒம்போது வீடு. எங்க வீட்டுக்கு ஷீட்டுக் கூரை. காலைல அஞ்சு மணிக்கு மயிலு ஷீட்டு மேல நடக்கும். மயில்னா அழகுன்னு சொல்றவங்க எல்லாம் ஒரு நாள் அதுக்குக் கீழ படுத்துப் பாக்கணும். பத்து மணிக்கு மேல காத்து, ஷீட்டத் தூக்கித் தூக்கி அடிக்கும், விடியற வரைக்கும் விடாது. போன் சிக்னல் வேணும்னா வெளிப்படில ஏறி, ஒசரத்துல இருக்கற தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல நிக்கணும்.

ஆக மயிலு முடிஞ்சு காத்து ஆரம்பிக்கறதுக்குள்ள, எட்டரைலேர்ந்து பத்து. அதான் என் ஸ்டுடியோ டைம்.

அந்த டைம்லதான் நாயிங்க குரைக்கும்.

மூணு நாய். அடுத்த வீடு பழனாத்தாக்கா ஆட்டுப்பட்டி, அங்க சுத்தும். யாரு நாய்னு கேட்டா யாருதும் இல்லங்கறாங்க. ஒரு செவல, ஒரு குட்டை வாலு, அப்புறம் காது கிழிஞ்ச கறுப்பு. கறுப்புக்கு குலசேகரன்னு பேரு வெச்சுட்டேன். தொடர்ல வர்ற வில்லன், கார்டு குலசேகரன். அதே பார்வை, அதே தொண்டை.

ஜூன் 11

டெஸ்ட் எடுத்தேன். "அப்பா, இன்னைக்கு கேட்ட மூட வேண்டாம்" — லொள். "அப்பா, இன்னைக்கு" — லொள் லொள். போர்வை போத்திக்கிட்டு கட்டிலுக்கு அடில படுத்து எடுத்தேன். அங்கயும் கேக்குது. வேர்வைல மைக்கு நனைஞ்சதுதான் மிச்சம்.

அம்மா தையல் மெஷின்ல இருந்து, "உனக்கு மௌனிகான்னு பேரு வெச்சேன் பாரு, என்னச் சொல்லணும்"னுச்சு.

அம்மாவுக்கு நாய்னா உயிரே போயிரும். சின்னப் பிள்ளைல கடிச்சு, தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி போட்டாங்களாம். இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து, வெயிலோ மழையோ, குடை இல்லாம கேட்டத் தாண்டறதில்ல. குடையும் விரிக்காது. சும்மா ஈட்டி மாதிரி நீட்டிக்கிட்டே போகும்.

ஜூன் 13, வெள்ளி

கண்டுபிடிச்சுட்டேன்!!! "நாய் குரைத்தால் அதன் கவனத்தைத் திருப்புங்கள்"னு ஒரு வீடியோ. பன்னெண்டு லட்சம் பேரு பாத்திருக்காங்க. தப்பாவா இருக்கும்?

இன்னைக்கு குலசேகரன் குரைச்சான். உடனே ஜன்னல் வழியா ஒரு பிஸ்கட். கப். அமைதி. பதினாறு நிமிஷம் அமைதி! சினிமால மழை நிக்கற மாதிரி டக்குனு நின்னுது.

எட்டு நிமிஷம் என்ன, பதினாறு நிமிஷம் கைல இருக்கு. நான் ஜெயிச்சுட்டேன். கடைல போயி ஒரு பெரிய கட்டு வாங்கிட்டு வந்துட்டேன்.

ஜூன் 15

செவலயும் குட்டை வாலும் கூட வந்துட்டாங்க. நல்லதுதான், மூணும் ஒரே எடத்துல இருந்தா சமாளிக்கறது ஈசி.

இங்க ஒரு விசித்திரம் பாத்தேன். சாயங்காலம் ஆறரைக்கு, ஆடெல்லாம் பட்டிக்குள்ள அடைஞ்ச அப்புறம், ஒவ்வொரு வீட்லேர்ந்தும் ஒருத்தர் தூக்குப்போசிப் பாத்திரத்தோட பட்டிக்குப் போறாங்க. சித்த நேரம் பேசறாங்க. காலிப் போசியோட திரும்பறாங்க. என்ன கூட்டமோ. எங்களக் கூப்புடல.

ஆப்ல ஏதோ பக். தொறந்தா "57வது எபிசோடிலிருந்து தொடரவா?"ன்னு கேக்குது. நான் முன்னூத்திப் பதினொண்ணுல இருக்கேன், எனக்குப் போயி அம்பத்தேழு. கம்ப்ளைன்ட் போடணும்.

ஜூன் 17

பிராக்டிஸ் நல்லாப் போகுது. என்ன, நாயிங்க கொஞ்சம் சீக்கிரமே வந்துருது. ஏழு மணிக்கே. அதுங்களுக்கும் நான் பேசறது புடிச்சிருக்கு போல.

ஜூன் 19

வெயில் ஏறினாலும் போகல. கேட்டுக்கு முன்னாடி மூணும் படுத்திருக்கு, பொழுது சாஞ்சா வீட்டுக்குப் பின்னாடி போயிப் படுத்துக்குது. நான் மைக்க எடுத்தாக் குரைக்குது. பிஸ்கட் போட்டா நிறுத்துது. பத்து நிமிஷத்துல மறுபடியும். கட்டு தீந்துருச்சு, இன்னொண்ணு வாங்கணும்.

அப்பா வேனை நிறுத்திட்டு வந்து, "ஏங்கண்ணு, நம்ம வீட்ல என்ன மாநாடு?"ன்னாரு.

"அதுங்களா வருதுப்பா."

"அதுங்களாவா?"

"ஆமாப்பா."

அப்பா கேட்டுக்குக் கீழ கெடந்த பிஸ்கட் கவர எடுத்து சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு உள்ள போயிட்டாரு. வேன்லயும் பிள்ளைங்க போடற குப்பையெல்லாம் அவருதான் பொறுக்குவாரு. பழக்கம்.

ஹெட்செட்ல சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது. ராத்திரி ஃபுல்லா ஏத்தி வெச்சா மத்தியானம் பாதி காலி. அம்மா மெஷின் பக்கத்துல வெக்கறதால சூடாகுதோ என்னவோ.

ஜூன் 21, சனி

காலைல ஒரே சத்தம். ராத்திரி எங்கேர்ந்தோ வெளிநாய் நாலு வந்து பட்டில பூந்துருச்சாம். பழனாத்தாக்கா கம்பு எடுத்துட்டு ஓடிப்போனதால தப்பிச்சது. ஒரு குட்டிக்கு மட்டும் காதுல கடி. மஞ்சளப் பத்துப் போட்டுத் துணி சுத்தி வெச்சிருக்காங்க, அது தலையத் தலைய ஆட்டிக்கிட்டு நிக்குது. டவுனுக்குத் தூக்கிட்டுப் போயி ஊசியும் போட்டுட்டு வந்தாங்க.

அக்கா எங்க கேட்டுக்கு வந்தாங்க. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், நெட்டையா, குரல்னா குரல். அவங்க பேசினா மைக்கே வேண்டாம்.

"ஏனுங் அம்மிணி, என்ற பட்டி நாயிங்க இந்தப் பக்கம் வருதுங்களா? ஒரு வாரமாப் பொழுது உழுந்தா ஒண்ணையுங் காணம். ஊத்துன சோறு ஊத்துன எடத்துலயே கெடக்குது. வயசாயிப் போச்சா, சீக்கு கீக்கு வந்துருச்சான்னே தெரியல."

"தெரியலீங்க்கா"ன்னேன்.

அந்த நிமிஷம் வாசல்ல ஒரு நாயும் இல்ல. அது உண்மை. மூணும் பின்னாடி துணி தொவைக்கற கல்லுக்கிட்ட இருந்துச்சு.

ஜூன் 22

பிராக்டிஸ் பண்ணல. தொண்டை சரியில்ல.

ஜூன் 24

சரி. எழுதித்தான் ஆகணும்.

இன்னைக்கு பழைய டெஸ்ட் ரெக்கார்டிங் எல்லாத்தையும் வரிசையா வெச்சுப் பாத்தேன். சத்தம் ஸ்க்ரீன்ல கோடாத் தெரியும்ல, அத. குரைப்பு பெரிய முள்ளு மாதிரி நிக்குது. அதுக்குப் பக்கத்துல எப்பவுமே ஒரு சின்ன சொரசொரப்பு. என்னன்னு பெருசு பண்ணிக் கேட்டேன். பிஸ்கட் கவரு.

குரைப்பு, கவரு, அமைதி. குரைப்பு, கவரு, அமைதி. பதிமூணாந்தேதி அமைதி பதினாறு நிமிஷம். பதினேழாந்தேதி பத்து. இருபதாந்தேதி நாலு.

அதுங்க வாய அடைக்கறதுக்கா நான் பிஸ்கட் போட்டேன்? குரைக்கறதுக்குத்தான சம்பளம் குடுத்திருக்கேன்! பதினோரு நாளு, நானே உக்காந்து, பொறுமையா, குரைக்கச் சொல்லிக் கத்துக் குடுத்திருக்கேன்.

அப்புறம் அந்தத் தூக்குப்போசி கூட்டம். அதுவும் இப்பத்தான் மண்டைல ஏறுது.

ஜூன் 25

அக்காகிட்டப் போயி சொல்லிட்டேன். போற வழில மூணு தடவ திரும்பி வந்தேன், அது வேற. பட்டிக்கு முன்னாடி ஆட்டுக்குத் தழை கட்டிட்டு இருந்தாங்க.

"அக்கா, நாயிங்களுக்கு சீக்கெல்லாம் இல்லீங்க்கா. நாந்தான்... பிஸ்கட் போட்டேன்."

"பிஸ்கோத்தா?"

"ஆமாங்க்கா. பதினோரு நாளா."

கைல இருந்த தழைய அப்படியே கீழ வெச்சாங்க. திட்டு விழப் போகுதுன்னு கண்ண மூடிக்கிட்டேன். காதுல துணி சுத்தின அந்தக் குட்டி வேற வந்து என் சுடிதார மேஞ்சுது.

"அன்னைக்கு நாங் கேட்டப்பவே சொல்லறதுக்கென்ன அம்மிணி? சோத்துல என்னமோ குத்தமாட்ட இருக்குதுன்னு மூணு நாளா வேற அரிசி ஆக்கி ஊத்திட்டிருக்கறேன் நானு!"

அப்புறம் சொன்னாங்க. இந்த ஊர்ல யாரும் அவங்கவங்க வாசல்ல நாய்க்குச் சோறு போட மாட்டாங்களாம். ஆடு அடைஞ்சு, பட்டிக் கதவு இருக்குல்ல, அந்தப் படலச் சாத்தின அப்புறம், ஒம்போது வீட்டு மிச்சமும் பட்டி வாசலுக்குத்தான் வரணும். அங்கதான் சோறு, அதனால ராத்திரி அங்கதான் படுக்கும். காலைல ஒம்போது மணிக்கு ஆடு கெளம்பினா பின்னாடியே காட்டுக்குப் போயிரும். எட்டரைக்கே மைக்க எடுத்துட்டு உக்காந்த எனக்கு இது தெரியவே இல்ல. யாருது நாய்னு கேட்டா யாரும் சொல்லாததுக்கு அதுதான் காரணம். ஒம்போது வீட்டுக்கும் பங்கு.

"உங்களுக்குஞ் சொல்லியிருக்கோணும். டவுன்ல இருந்து வந்தவிய, மிச்சச் சோறு கேட்டாத் தப்பா நெனைப்பீங்களோன்னு உட்டுட்டோம்."

இன்னைக்கு ஆறரைக்கு நானும் போசியோட போனேன். ரசம் சாதம். நான் போனதும் ஒரு அண்ணன், "பிஸ்கோத்து அம்மிணி வருது, வழி உடுங்கப்பா"ங்கறாரு. அதுக்குள்ள ஒம்போது வீட்டுக்கும் தெரிஞ்சுருக்கு. இந்த ஊர்ல எனக்கு மட்டும்தான் சிக்னல் இல்ல.

ஜூன் 26

பிஸ்கட் நிறுத்தியாச்சு. குரைப்பு ரெண்டு மடங்கு. வீடியோல இத எவனும் சொல்லவே இல்லையே! சம்பளம் நின்னா ஸ்ட்ரைக் பண்ணுமாம். குலசேகரன் கேட்டுல காலத் தூக்கி வெச்சுக்கிட்டு என் ஜன்னலப் பாத்து நேராக் குரைக்கறான்.

ஜூன் 27

அதே.

அம்மா மெஷினை நிறுத்திட்டு சொல்லுது: "அந்தத் தாமரைப் புள்ள அழற எடத்துல நீ கத்தற. அவ கத்த மாட்டா. தொண்டைக்குள்ளயே முழுங்கிருவா."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நீதான் ஊருக்கே ஸ்பீக்கர்ல போடறியே."

நான் எப்பவும் ஹெட்செட்லதான் கேப்பேன். ஆனா முழுங்கிப் பாத்தேன். சரியா இருக்கு!

ஜூன் 28, சனி

இன்னைக்கு ஒம்போது மணிக்கு அக்கா ஆட்ட ஓட்டிட்டுப் போறப்ப செவலயும் குட்டை வாலும் பின்னாடியே போச்சு. குலசேகரன் கேட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் பாத்தான். நான் ஜன்னல மூடிட்டேன். கொஞ்ச நேரத்துல அவனும் போயிட்டான். பத்து மணி வரைக்கும் ஊசி விழுந்தாக் கேக்கும்!! நாளைக்கும் இதே மாதிரி போனாப் போதும்.

ஆறு மணிக்குத் தண்ணித் தொட்டிக்கிட்ட நின்னு வசனத்த டவுன்லோடு பண்ணிட்டேன். தாமரை, அப்பா இல்லாத மொத நாளு, தனியா கேட்ட மூடற சீன். எட்டு நிமிஷம் அவ ஒருத்திதான் பேசறா.

எதுக்கும் இருக்கட்டும்னு அப்பாகிட்ட வேன் கேட்டேன், கண்ணாடி எல்லாம் ஏத்திட்டு உள்ள உக்காந்து பேசலாம்னு. நாளைக்கு கல்யாண சவாரியாம், நாலு மணிக்கே கெளம்பறாரு. பரவால்ல. ஆடு போகும், நாய் போகும், நான் பேசுவேன்.

ஜூன் 29, ஞாயிறு

காலைல ஏழரை. பழனாத்தாக்கா பட்டுச் சேலை கட்டிக்கிட்டு, தலை நெறையப் பூவோட, கேட்டத் தாண்டிப் போறாங்க.

"அக்கா, எங்கீங்க?"

"என்ற நங்கையா ஊட்டுல சீரு அம்மிணி. பொழுதோடதான் வருவேன். ஆட்டுக்குத் தழை ஒடிச்சுப் போட்டிருக்கறேன், இன்னைக்கு ஒரு நாளு பட்டிலயே கெடக்கட்டும்."

சொந்தக்காரங்க வீட்டு விசேஷமாம், வர சாயங்காலம் ஆயிரும். பஸ்ஸு வந்துது, ஏறிட்டாங்க.

ஆடு போகலேன்னா நாயும் போகாது. எட்டரைக்கு மூணும் கேட்டுக்கு வந்தாச்சு. எட்டே முக்காலுக்கு மொத டேக், பன்னெண்டு செகண்டு. ரெண்டாவது, முப்பது. மூணாவதுல ஒண்ணரை நிமிஷம் போச்சு, "இந்தக் கேட்ட மூட எனக்கு" — லொள்.

அலமாரில கடைசியா ஒரு பாக்கெட் இருந்துச்சு. மொத்தத்தையும் தூரமா, பின்னாடி கொட்டிட்டா எட்டு நிமிஷம் கெடைக்கும். கணக்குப் போட்டேன். கவரக் கூடக் கிழிச்சுட்டேன். பட்டில அந்தக் குட்டி காதுத் துணியோட தலைய ஆட்டறது இங்கேர்ந்தே தெரியுது. ஒரு தடவ போட்டா மறுபடியும் பதினோரு நாளு.

கீழ உக்காந்துட்டேன். அழுதேன்னு சொல்ல மாட்டேன்.

அம்மா மெஷினை விட்டு எந்திரிச்சு வந்துச்சு. என் கைலேர்ந்து பாக்கெட்டப் புடுங்குச்சு. ஜன்னல் வழியா வெளிய பாத்துச்சு.

"ஆடு போனா அது பின்னாடியே போகும்ல?"

"போகும். ஆனா அக்கா இல்லயே."

அம்மா போனை எடுத்துக்கிட்டு தண்ணித் தொட்டிக்கிட்டப் போயி நின்னுது. ஸ்பீக்கர்ல பஸ்ஸு எரைச்சலத் தாண்டி அக்கா குரல் தெளிவாக் கேட்டுச்சு.

"ஏனுங்க்கா, படலத் தொறந்து உட்டா எந்தப் பக்கம் ஓட்டறதுங்க?"

"ஆரு ஓட்டறது?"

"நாந்தானுங்க."

"நீங்களா?" பஸ்ஸுல பக்கத்துல யாரோ சிரிக்கறாங்க. "அவுத்து உட்டாப் போதுமுங்க, அதுகளுக்கே வழி தெரியும். நீங்க சும்மா பின்னால போனீங்கன்னாச் சரி. நாயி ஒண்ணும் பண்ணாதுங்க, தைரியமாப் போங்க!"

நைட்டி மேல துண்டப் போட்டுக்கிட்டு, கதவுக்குப் பின்னாடி இருந்த குடைய எடுத்துச்சு அம்மா. கேட்டு தாழ்ப்பாள்ல கைய வெச்சு கொஞ்ச நேரம் அப்படியே நின்னுது. வெளிய மூணு நாய். உள்ள அம்மா. குடை நுனி ஆடறது எனக்குத் தெரிஞ்சுது.

"அம்மா, வேண்டாம், வா."

"நீ உள்ள போ. முழுங்கிப் பேசு. கத்தாத."

கேட்டத் தொறந்துச்சு. குடைய நீட்டிக்கிட்டு, பக்கவாட்டுல, சுவத்தோட சுவரா ஒட்டிக்கிட்டே பட்டி வரைக்கும் போச்சு. படலத் தூக்கி நகத்துச்சு. பதினாலு ஆடும் அம்மாவ இடிச்சுத் தள்ளிட்டு வெளிய ஓடுச்சு. செவல போச்சு. குட்டை வாலு போச்சு. குலசேகரன் என் ஜன்னலப் பாத்தான். ஆட்டப் பாத்தான். அம்மாவோட குடையப் பாத்தான். அப்புறம் அம்மாவுக்குப் பின்னாடி, ரெண்டடி தள்ளி, வால ஆட்டிக்கிட்டே போனான். அம்மா திரும்பிப் பாக்கவே இல்ல. தோளு மட்டும் காது வரைக்கும் ஏறியிருந்துச்சு.

ஒம்போது பன்னெண்டு. ரெக்கார்ட் பட்டன அமுக்கினேன்.

எட்டு நிமிஷம் மூணு செகண்டு. ஒரே டேக். அழற எடத்துல முழுங்கினேன். முழுங்கறதுக்கு முயற்சியே தேவைப்படல.

தொட்டிக்கிட்ட நின்னு அனுப்பறப்ப ஒம்போதே முக்கால். அனுப்பிட்டு மேய்ச்சல் காட்டுக்கு ஓடினேன். வேல மரத்துக்கு அடில ஒரு கல்லு மேல அம்மா. குடைய இப்பத்தான் விரிச்சிருக்கு, வெயிலுக்கில்ல, தனக்கும் குலசேகரனுக்கும் நடுவுல சுவரு மாதிரி. அவன் அந்தக் குடை நெழல்ல படுத்துத் தூங்கிட்டு இருக்கான்.

"இவன் நகர மாட்டேங்கறான்டி. அதான் நானும் நகரல. முடிஞ்சுதா?"

"அனுப்பியாச்சும்மா!"

"நல்லா வந்துச்சா?"

"ம்."

அம்மா பெருமூச்சு விட்டுச்சு. அப்புறம் கேட்டுச்சு, "ஏன்டி, ஸ்டேஷன் மாஸ்டரு பொய் சொல்றான்னு தாமரைக்கு எப்பத் தெரியும்?"

"அது நூத்தி முப்பத்தெட்டுல... இரு. உனக்கெப்படி..."

"சொல்லிறாத! நான் நூத்தி இருபதுலதான் இருக்கேன்."

ஆப்ல பக் எல்லாம் இல்ல. கம்ப்ளைன்ட வாபஸ் வாங்கணும்.

ஜூலை 2

மயிலு ஷீட்ட ஓட்டை போட்டுருச்சு. குட்டிக்குக் காதுத் துணி அவுத்தாச்சு. நேத்து ஆறரைக்குப் போசிய அம்மாவே எடுத்துட்டுப் போச்சு. குடையோடதான்.

ஜூலை 6, ஞாயிறு

ரிசல்ட். தாமரை எனக்கு இல்ல. வேற ஒரு அக்காவுக்குப் போயிருச்சு. அவங்க பேசினதப் போட்டிருந்தாங்க, கேட்டேன், நல்லா இருக்கு. ரொம்பவே நல்லா இருக்கு. தொட்டிக்கிட்ட காத்து அதிகம், கண்ணுல மண்ணு.

அதுக்குக் கீழ எனக்குத் தனியா ஒரு மெசேஜ். முன்னூத்தி இருபதாவது எபிசோடுல டீக்கடைக்காரப் பொண்ணு ஒருத்தி வர்றா, நாலு வரி. நீங்க பேசுவீங்களான்னு கேட்டிருக்காங்க. நாலு வரி!!! பேரு போடுவாங்களாம்!!! நான் கத்தின கத்துக்குப் பட்டிலேர்ந்து மூணும் சேந்து குரைச்சுது.

இன்னொண்ணும் கேட்டிருந்தாங்க. இவ்வளவு சுத்தமான அமைதி வேற யாரு ரெக்கார்டிங்லயும் இல்ல, எந்த ஸ்டுடியோன்னு. ஊஞ்சக்காட்டுவலசுன்னு அனுப்பினேன்.

படில எறங்கி ஓடி வந்து அம்மாகிட்ட சொன்னேன். அம்மா ஊசில நூல் கோத்துக்கிட்டே, தலை நிமிராம கேட்டுச்சு:

"என்னைக்குப் பேசணும்? தேதிய முன்னாடியே சொல்லிரு. பழனாத்தாக்காகிட்டச் சொல்லிட்டு அன்னைக்கு ஆட்ட நானே ஓட்டிட்டுப் போறேன்."